உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்ன?

அரசாங்க ஆஃபீஸ்ல ஒரு புகாரோட போய் மாசக்கணக்கா மல்லுக்கட்டி ஜெயிச்சவங்க யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க, கடைசியில ஒரு அதிகாரி இந்த வரியைக் கண்டிப்பா சொல்லியிருப்பார். "உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்ன?" கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, பல நேரம் நமக்கு உதவி பண்ணின ஆளே அவராத்தான் இருப்பார். ஆனா எனக்கு இப்பல்லாம் அந்த வரியைக் கேட்டாலே நெஞ்சுல நெருடுது. அரசாங்கம் மாறாம அப்படியே இருக்கிறதுக்கு லஞ்சம், சோம்பேறித்தனம், அரசியல்னு ஆயிரம் காரணம் சொல்றோம், நானும் சொல்லுவேன், ஆனா நம்ம பக்கத்துல இருக்கிற பெரிய காரணம், நம்ம வேலை முடிஞ்சதும் நாம கிளம்பிப் போயிடறதுதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க, கணவர் தவறிட்டார், அவங்களுக்கு மாசாமாசம் வந்துட்டிருந்த உதவித்தொகை திடீர்னு நின்னுபோச்சு. விசாரிச்சா கம்ப்யூட்டர்ல பேர் பொருந்தலைன்னாங்க. மேலதிகாரி வரைக்கும் எழுதிப்போட்டு, நேர்ல போய் நின்னு, ஒருவழியா சரியாச்சு, பாக்கிப் பணமும் வந்துச்சு. வழக்கமா கதை இதோட முடிஞ்சிடும். அந்த அக்கா விடல. எந்த உத்தரவை வெச்சு என் பணத்தை நிறுத்துனீங்க, அதே உத்தரவுல இன்னும் எத்தனை பேருக்கு நிறுத்தியிருக்கீங்க, நிறுத்தறதுக்கு முன்னாடி அவங்க யாருக்காவது நோட்டீஸ் குடுத்தீங்களா, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல முத்திரை வாங்கிட்டு வந்தாங்க. அதுவரைக்கும் "உக்காருங்கம்மா"ன்னு பேசினவங்க அதுக்கப்புறம் முகம் குடுத்துப் பேசல. பதில் வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு. வந்தப்போ அதோட ஒரு பட்டியலும் வந்துச்சு, அதுல இருந்தவங்கள்ல நிறைய பேர் மனு எழுதத் தெரியாதவங்க, பணம் ஏன் நின்னுச்சுன்னே தெரியாம, அரசாங்கம் குடுத்தா வாங்கிக்கலாம் இல்லைன்னா என்ன பண்றதுன்னு இருந்தவங்க.

ஒருத்தர் புகாரை மட்டும் தீர்த்து அனுப்பறது அரசாங்கத்துக்கு ரொம்ப சுலபம், செலவும் கிடையாது. யாருக்கு சத்தம் போடத் தெரியுமோ அவங்களை முதல்ல கவனிச்சு அனுப்பிட்டா மிச்சம் இருக்கிறது சத்தம் போடத் தெரியாதவங்க மட்டும்தான், அப்புறம் எந்தக் கேள்வியும் வராது. இது யாரோ ரூம்ல உக்காந்து போட்ட திட்டம்னு நான் சொல்லல, எல்லா ஆஃபீஸும் தன்னால அப்படித்தான் ஓடுது. அதனால சாதாரண ஜனங்க அரசாங்கத்தை எப்படிக் கேள்வி கேட்கிறதுன்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் முதல்ல சொல்றது, உங்க பிரச்சனையைத் தீர்த்துக்கோங்க, தப்பே இல்ல, ஆனா அது எந்த விதியால, எந்த உத்தரவால, எந்த வழக்கத்தால வந்துச்சுன்னு எழுத்துல பதில் வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதீங்க.

இந்தியாவுல தகவல் அறியும் உரிமைச் சட்டம் எப்படி வந்துச்சுன்னு தேடிப் படிச்சா இந்த விஷயம் அச்சு அசலா தெரியும். ராஜஸ்தான்ல, வறட்சி நிவாரண வேலைன்னு ரோடு போடறது, குளம் வெட்டறது மாதிரி அரசாங்க வேலைக்குப் போன கிராமத்து ஜனங்களுக்கு குறைந்தபட்ச கூலி கூட முழுசா தரல. கேட்டா, நீங்க அவ்வளவு வேலை செய்யல, பதிவேட்டுல அப்படித்தான் இருக்குன்னாங்க. சரி அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கன்னு கேட்டா, அது அரசாங்க ரகசியம், காட்ட முடியாதுன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, நான் எத்தனை நாள் மண்ணு சுமந்தேன்னு எழுதியிருக்கிற தாள் எனக்கே ரகசியம். 1990 மே மாசம் தொடங்கின மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் இவங்கல்லாம் அந்த ஊர் ஜனங்களோட சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு, கூலிப் போராட்டத்துல இருந்துதான் ஆரம்பிச்சாங்க. கூலியை மட்டும் கேட்டிருந்தா நாலு இடத்துல குடுத்து அனுப்பியிருப்பாங்க, முடிஞ்சிருக்கும். அவங்க கேள்வியை மாத்தினாங்க. கூலி குடுங்கறதோட நிக்காம கணக்கைக் காட்டுங்கன்னு கேட்டாங்க.

1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கிற ஊர்ல முதல் பொது விசாரணை நடத்தினாங்க. கையில கிடைச்ச பதிவேட்டு நகல்களை ஊர் நடுவுல வெச்சு சத்தமா படிக்கிறது, அவ்வளவுதான். இன்னார் இத்தனை நாள் வேலை செஞ்சார், இவ்வளவு கூலி வாங்கினார்னு படிக்கப் படிக்க, நான் அங்க வேலைக்கே போகலையேன்னு ஆளுங்க எந்திரிச்சு சொல்றாங்க. அடுத்தடுத்து நடந்த விசாரணைகள்ல செத்துப்போனவங்க பேர்ல கூட கூலி எழுதியிருந்தது வெளிய வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க ஒரு தணிக்கை அதிகாரி செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில உக்காந்து செஞ்சாங்க, ஏன்னா யார் வேலை செஞ்சா யார் செய்யலைங்கிற தகவல் அவங்க தலைக்குள்ள இருந்துச்சு, காகிதம்தான் இல்லாம இருந்துச்சு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 1995 ஏப்ரல்ல மாநில முதலமைச்சர் சட்டசபையிலேயே அறிவிச்சுட்டார், இந்தக் கணக்குகளோட நகலை ஜனங்க வாங்கிக்கலாம்னு. பேப்பர்ல வந்துச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு, அதுக்கான உத்தரவு மட்டும் வரல. அறிவிப்பு வேற, அரசாணை வேறன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. 1996 ஏப்ரல்ல பியாவர் டவுன்ல உக்காந்தாங்க, 40 நாள். கிராமத்து ஜனங்க முறை வெச்சு வந்து உக்காந்தாங்க, டவுன் ஜனங்க தங்களால முடிஞ்சதைக் குடுத்தாங்க, எங்க பணம் எங்க கணக்குங்கிற கோஷம் அங்க இருந்து நாடு பூரா போச்சு. மாநிலச் சட்டம் 2000ல வந்துச்சு, நாடு முழுக்க 2005 அக்டோபர் 12ல அமலுக்கு வந்துச்சு. கூலியில கொஞ்சம் குறைஞ்சதுக்கு ஆரம்பிச்ச சண்டை, நூறு கோடி பேருக்கு மேல இருக்கிற ஒரு நாட்டுக்கே சட்டமாச்சு. ஒரு நகல் எடுக்கிற உரிமைக்காக 40 நாள் தெருவுல உக்காந்தவங்களை நினைச்சா, இன்னைக்கு வீட்ல இருந்தே விண்ணப்பம் போட முடியறப்போ நமக்கு அலுப்பா இருக்குங்கிறது எனக்கு நிஜமாவே வலிக்குது.

சரி, கேள்வி எப்படிக் கேட்கிறதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் சறுக்கறாங்க. ஏன்னு கேட்காதீங்க. ரோடு ஏன் இவ்வளவு மோசமா இருக்குன்னு கேட்டா மழை, நிதி பற்றாக்குறை, பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு பத்தி எழுதி அனுப்பிடுவாங்க, அதை வெச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. பெரும்பாலான நாடுகள்ல தகவல் சட்டம்ங்கிறது அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைக் கேட்டு வாங்கறதுக்குத்தான், புதுசா விளக்கம் எழுதித் தர அவங்க கடமைப்பட்டவங்க இல்ல. அதனால ஆவணத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க. அந்த ரோட்டுக்கான ஒப்பந்த நகல், எத்தனை தடிமன் போடணும்னு அதுல இருக்கிற பக்கம், அளந்து கையெழுத்துப் போட்ட அளவுப் புத்தகத்தோட நகல், பில் பாஸான தேதி. இதுல ஒண்ணு இல்லைன்னு பதில் வந்தா கூட அது பதில்தான், சொல்லப்போனா அதுதான் பெரிய பதில், ஏன்னா அளவே எடுக்காம பில் எப்படிப் பாஸாச்சுன்னு அடுத்த கேள்வி தானா வந்து நிக்கும்.

பிரிட்டன்ல எம்.பி.க்கள் செலவு விவகாரம் வெடிச்சதும் இப்படித்தான். எம்.பி. ஒவ்வொருத்தரும் படிப்பணமா எவ்வளவு வாங்கினாங்கன்னு மொத்தத் தொகை ஏற்கெனவே வெளியிட்டுட்டுதான் இருந்தாங்க. வெளிப்படையாத்தானே இருக்கோம்னு அவங்களும் சொல்லிக்கிட்டாங்க. ஹீதர் புரூக்னு ஒரு பத்திரிகையாளர், அந்த மொத்தத்தைப் பிரிச்சு எதுக்கு எவ்வளவுன்னு குடுங்க, ரசீதைக் குடுங்கன்னு கேட்டாங்க. பார்லிமென்ட் நிர்வாகம் முடியாதுன்னுது, தகவல் சட்டத்துல இருந்து பார்லிமென்ட்டுக்கே விலக்கு குடுக்க 2007ல ஒரு மசோதா கூட கொண்டு வந்தாங்க, கீழ்சபையில பாஸும் ஆச்சு, மேல்சபையில முன்னெடுக்க ஆளில்லாம நின்னுபோச்சு. 2008 மே மாசம் ஹைகோர்ட் ரசீதுகளை வெளியிடணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. அதிகாரபூர்வமா வெளியிடறதுக்கு முன்னாடியே 2009 மேல அந்த ஆவணங்கள் ஒரு பத்திரிகைக்குக் கிடைச்சு எல்லாம் அச்சுல வந்துடுச்சு. சபாநாயகர் பதவி விலகினார், சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. அதை விட முக்கியம், எம்.பி.க்கள் தங்களோட செலவைத் தாங்களே பாஸ் பண்ணிக்கிற வழக்கம் ஒழிஞ்சு, அதுக்குன்னு தனியா ஒரு சுதந்திர அமைப்பு வந்துச்சு. மொத்தத் தொகையை மட்டும் காட்டறாங்கன்னா பிரிச்சுக் கேளுங்க. இதை நான் யார்கிட்டயும் சொல்லாம விடறதில்ல.

இந்த உரிமை ஒண்ணும் புதுசு இல்ல. ஸ்வீடன்ல 1766லயே அரசாங்க ஆவணங்களை ஜனங்க பார்க்கலாம்னு சட்டம் போட்டுட்டாங்க, அதுக்காகப் போராடினவர்ல முக்கியமானவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ்னு ஒரு பாதிரியார். இப்ப நூறு நாடுகளுக்கு மேல ஏதோ ஒரு வடிவத்துல இந்தச் சட்டம் இருக்கு. உங்க நாட்டுல இருக்கான்னு முதல்ல பார்த்துக்கோங்க.

ஆனா தகவல் வெளிய வந்தா மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. இதுல ரெண்டு ஆய்வு பத்திப் படிச்சதுல இருந்து என் நினைப்பே கொஞ்சம் மாறிடுச்சு. ஒண்ணு உகாண்டா. 1990கள்ல ஆரம்பப் பள்ளிகளுக்குன்னு மத்திய அரசாங்கம் அனுப்பின மானியப் பணம் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு கணக்கெடுத்தாங்க, கால்வாசி கூடப் போய்ச் சேரல, வழியில மாவட்ட நிர்வாகத்துலயே கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எந்த மாவட்டத்துக்கு எந்த மாசம் எவ்வளவு பணம் அனுப்பியிருக்கோம்னு நியூஸ்பேப்பர்ல போட ஆரம்பிச்சாங்க, பள்ளிக்கூடச் சுவத்துலயும் ஒட்டச் சொன்னாங்க. 2001 வாக்குல 80 சதவீதத்துக்கு மேல போய்ச் சேர ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு நியூஸ்பேப்பர் மட்டுமே காரணம் இல்ல, அதே சமயத்துல வேற சீர்திருத்தங்களும் நடந்துச்சுன்னு வாதம் பண்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இருந்தாலும் ஹெட்மாஸ்டருக்கு எவ்வளவு வரணும்னே தெரியாத வரைக்கும் அவரால கேட்கவே முடியாதுங்கிறது உண்மைதானே.

இன்னொண்ணு இந்தோனேசியா. பெஞ்சமின் ஓல்கன்னு ஒரு பொருளாதார நிபுணர், 600க்கும் மேல கிராமங்கள்ல போட்ட ரோடுகளைத் தோண்டி, உள்ள நிஜமா எவ்வளவு கல்லும் மணலும் இருக்குன்னு மாதிரி எடுத்து, கணக்குல எழுதினதோட ஒப்பிட்டுப் பார்த்தார். சில கிராமங்கள்ல அரசாங்கத் தணிக்கை நிச்சயம் வரும்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க, சில கிராமங்கள்ல கணக்குக் காட்டற கூட்டத்துக்கு நிறைய ஜனங்களை அழைச்சாங்க. தணிக்கை வரும்னு சொன்ன இடத்துல காணாமப் போன பணம் 8 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைஞ்சுது. கூட்டத்துக்கு ஜனங்களை அழைச்ச இடத்துல சராசரியா பெருசா ஒண்ணும் குறையல. முதல் தடவை இதைப் படிச்சப்போ எனக்கு ஏமாற்றமாத்தான் இருந்துச்சு, ஜனங்க பங்கேற்பு, பங்கேற்புன்னு பேசறவன் நான். ஆனா உள்ள போய்ப் பார்த்தா விஷயம் வேற. கூலியில நடக்கிற திருட்டை ஜனங்க குறைச்சிருக்காங்க, பொருள்ல நடக்கிற திருட்டைத்தான் குறைக்க முடியல. தனக்கு எவ்வளவு கூலி வந்துச்சுன்னு ஒரு தொழிலாளிக்குத் தெரியும், ரோட்டுக்கு அடியில எத்தனை லோடு கல் போச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ராஜஸ்தான்ல பதிவேட்டைப் படிச்சது பலிச்சதும் அதனாலதான்.

அதனால நான் எடுத்துக்கிட்ட பாடம் இதுதான், நம்ம கண்ணுக்குத் தெரியற விஷயத்துல நாமளே நேரா சாட்சி சொல்லலாம், கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்கு தணிக்கையைத் தூண்டணும். தணிக்கைத் துறைன்னு ஒண்ணு பெரும்பாலான நாடுகள்ல இருக்கு, அவங்க அறிக்கையும் பெரும்பாலும் வெளிய வருது, அதை யாரும் படிக்கிறதில்ல. நூத்துக்கணக்கான பக்கத்துல உங்க ஊரைப் பத்தியோ உங்க துறையைப் பத்தியோ ரெண்டு பத்தி இருந்தா கூட, அதுல சொன்னதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு ஒரு கேள்வி போடுங்க. அந்த அறிக்கையை எழுதின ஆடிட்டருக்கும் அது பெரிய பலம், ஏன்னா அவர் எழுதி எழுதி அலமாரியில போய்ச் சேர்றதைப் பார்த்து அலுத்துப் போயிருப்பார். அரசாங்கத்துக்குள்ள நேர்மையா வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, வெளியில இருந்து ஒரு கேள்வி எழுத்துல வந்தாத்தான் அவங்களால உள்ள ஃபைலை நகர்த்த முடியும். எல்லாரும் திருடங்கன்னு பொத்தாம்பொதுவா திட்டறவங்க அந்த நல்லவங்களைத்தான் முதல்ல தனியா விட்டுடறாங்க.

கண்ணுக்குத் தெரியாததை நாமளே அளக்க முடிஞ்சா இன்னும் நல்லது. அமெரிக்காவுல ஃபிளின்ட் நகரத்துல 2014 ஏப்ரல்ல, செலவைக் குறைக்கிறதுக்காக குடிதண்ணியை ஆத்துல இருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க, குழாய் அரிக்காம இருக்கிறதுக்குப் போட வேண்டிய மருந்தைப் போடல. தண்ணி நிறம் மாறுது, தோல்ல தடிப்பு வருதுன்னு ஜனங்க பாட்டில்ல புடிச்சுக்கிட்டு கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் காட்டினாங்க, தண்ணி பாதுகாப்பானதுதான்னு பதில். அங்க இருந்த ஒரு பெரிய கார் கம்பெனி, இந்தத் தண்ணி எங்க இன்ஜின் பாகங்களை அரிக்குதுன்னு அதே வருஷம் அக்டோபர்லயே வேற தண்ணிக்கு மாறிடுச்சு, ஜனங்க இன்னும் ஒரு வருஷம் அதையே குடிச்சாங்க. இதைப் படிக்கும்போது கோபத்துல கை நடுங்குச்சு எனக்கு. கடைசியில லீஆன் வால்டர்ஸ்னு ஒரு அம்மா, தன் பிள்ளைங்க உடம்பு கெட்டதுக்கு அப்புறம், அரிப்பைத் தடுக்க என்ன பண்றீங்க, அந்த ஆவணம் எங்கன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க, ஒண்ணுமே பண்ணலைங்கிறது அதுலதான் வெளிய வந்துச்சு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து ஊர் ஜனங்களே வீடு வீடா முறைப்படி 250க்கும் மேல மாதிரி எடுத்தாங்க, குழாய்ல இருந்து அரிச்சு வந்த ஈயம் தண்ணியில இருக்கிறது நிரூபணமாச்சு. ஒரு டாக்டர் குழந்தைங்களோட ரத்தப் பரிசோதனைக் கணக்கையும் எடுத்துக் காட்டினார். 2015 அக்டோபர்ல தண்ணியைப் பழையபடி மாத்தினாங்க. கவனிச்சீங்கன்னா பாட்டில்ல காட்டின கலங்கல் தண்ணியை மறுத்தவங்களால முறைப்படி எடுத்த மாதிரிகளைக் கடைசி வரைக்கும் மறுக்க முடியல. போட்டோ எடுக்கிறீங்களா, தேதி, நேரம், இடத்தோட எடுங்க, ஒரே மாதிரி எல்லாரும் எடுங்க, பத்து வீடு சேர்ந்தா ஒரே ஃபார்ம்ல எழுதுங்க.

தனியாப் போகாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இது மட்டும் காரணம் இல்ல. கேள்வி கேட்டதுக்காக மிரட்டப்பட்டவங்க, வேலை போனவங்க, உயிரையே விட்டவங்க பல நாடுகள்ல இருக்காங்க, இந்தியாவுல தகவல் கேட்டதுக்காகவே கொல்லப்பட்டவங்க இருக்காங்க. மணல், நிலம், ஒப்பந்தம்னு பெரிய பணம் புழங்கற இடத்துல ஒரே ஆள் பேர்ல கேள்வி போகக் கூடாது. ஒரே கேள்வியை பல பேர் பல ஊர்ல இருந்து கேளுங்க, ஒரு சங்கம் பேர்ல கேளுங்க, வந்த பதிலை வந்த அன்னைக்கே நாலு பேர் கையில குடுத்துடுங்க. ஒருத்தர் கையில மட்டும் இருக்கிற ஆவணம் அவருக்கே ஆபத்து. தைரியம்னா தனியா நிக்கிறதுன்னு நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்துட்டாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

சேர்ந்து நிக்கறவங்க எவ்வளவு காலம் நிக்க வேண்டியிருக்கும்னா, சில நேரம் ஒரு தலைமுறை. இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஃபுட்பால் மைதானத்துல 1989 ஏப்ரல் 15ல கூட்ட நெரிசல்ல மாட்டி செத்தவங்க, பல வருஷம் கழிச்சு 2021ல இறந்தவரையும் சேர்த்து 97 பேர். ரசிகர்கள் குடிச்சுட்டு வந்து கலாட்டா பண்ணினாங்கன்னு பழியை செத்தவங்க மேலயே போட்டாங்க, 1991ல விபத்துன்னு தீர்ப்பாச்சு. குடும்பங்க ஒத்துக்கல. 2012ல ஒரு சுதந்திரக் குழு லட்சக்கணக்கான பக்கங்களைப் பார்த்துச் சொன்னது என்னன்னா, போலீஸ்காரங்களோட 164 வாக்குமூலங்களைத் திருத்தியிருக்காங்க, அதுல 116ல போலீஸுக்குப் பாதகமா இருந்ததை எடுத்திருக்காங்க. 2016ல, 27 வருஷம் கழிச்சு, அவங்க சட்டவிரோதமா கொல்லப்பட்டாங்க, ரசிகர்கள் மேல தப்பு இல்லைன்னு ஜூரி சொல்லுச்சு. அந்த அம்மா அப்பாங்க பல பேர் அதைக் கேட்க உயிரோட இல்ல. உயிரோட இருந்தவங்க அதுக்கப்புறமும் வீட்டுக்குப் போகல, அதிகாரிங்க விசாரணையில உண்மையைச் சொல்றதை சட்டக் கடமையாக்கணும்னு அடுத்த போராட்டத்தை ஆரம்பிச்சாங்க. தன் பிள்ளைக்கு நியாயம் கிடைச்சதுக்கு அப்புறமும் முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒருத்தர் பிள்ளைக்காக நிக்கிறாங்க பாருங்க, அவங்களை நினைச்சா எனக்கு கண்ணு நிறைஞ்சிடும்.

ஓட்டு போடறது, ஹேஷ்டேக் போடறது பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. ஓட்டு கண்டிப்பா போடுங்க, ஆனா ஓட்டு யார் உக்காரணும்னு முடிவு பண்ணும், அந்த நாற்காலியில உக்காந்து என்ன பண்ணலாம் என்ன பண்ணக் கூடாதுங்கறதை முடிவு பண்ணாது. ஹேஷ்டேக் ஒரு நாள் சூடு குடுக்கும், அந்த ஒரு நாள்ல உங்க கையில ரெடியா ஒரு கோரிக்கை இருந்தா உபயோகம்.

அந்தக் கோரிக்கை எப்படி இருக்கணும்னா பிரேசில் மாதிரி இருக்கணும். ஊழலை ஒழிங்கன்னு அவங்க கேட்கல. கோர்ட்டு குற்றவாளின்னு தீர்ப்பு குடுத்தவர் 8 வருஷம் தேர்தல்ல நிக்கக் கூடாது, அவ்வளவுதான். யாருக்கு வேணா ஒரே மூச்சுல விளக்கிடலாம், நடந்துச்சா இல்லையான்னு யாராலயும் மழுப்ப முடியாது. அந்த நாட்டு அரசியல் சாசனப்படி வாக்காளர்கள்ல 1 சதவீதம் பேர் கையெழுத்து போட்டா மசோதாவை நேரா பார்லிமென்ட்டுக்குக் கொண்டு போகலாம், சர்ச்சுங்க, வக்கீல் சங்கங்க, ஊர் அமைப்புங்க எல்லாம் சேர்ந்து 13 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கினாங்க, காகிதத்துல. 2010 ஜூன்ல சட்டமாச்சு. யாரைத் தடுக்கிறதுக்காகச் சட்டமோ அவங்கள்ல சிலர் உக்காந்திருக்கிற சபையிலயே அது பாஸாச்சுன்னா, எதிர்த்து ஓட்டு போட்டா வெளிய தலை காட்ட முடியாதுங்கிற அளவுக்குக் கோரிக்கை தெளிவா இருந்துச்சுன்னு அர்த்தம். கோர்ட்டுல இழுத்துச்சு, 2010 தேர்தலுக்குச் செல்லாதுன்னு ஆச்சு, 2012ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த வருஷ உள்ளாட்சித் தேர்தல்ல முழுசா நடைமுறைக்கு வந்துச்சு.

சட்டம் வந்ததுக்கு அப்புறம்தான் நிறைய பேர் தூங்கிப் போறாங்க. ஜெயிச்ச சட்டத்தை யாரும் நேரடியா ரத்து பண்ண மாட்டாங்க, ஓரத்துல இருந்து மெதுவா அரிப்பாங்க. இந்தியாவோட தகவல் சட்டத்தையே எடுத்துக்கோங்க, 2019ல ஒரு திருத்தம் வந்து தகவல் ஆணையர்களோட பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு பண்ணலாம்னு ஆச்சு, 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள ஒரு பிரிவை வெச்சு, தனிநபர் தகவல்னு சொல்லி மறுக்கிறதுக்கான வழியை அகலமாக்கிட்டாங்க. முன்னாடி அந்தப் பிரிவுலயே பொதுநலன் இருந்தா குடுக்கலாம்னு இருந்த வாசகத்தை எடுத்துட்டாங்க. பதிவேட்டுல இருக்கிற கூலிக்காரர் பேரும் தனிநபர் தகவல்னு யாராவது சொன்னா கோட் கிரானாவுல அன்னைக்குப் படிச்ச மாதிரி பட்டியலைப் படிக்கவே முடியாது. இந்த ரெண்டாவது மாற்றம் ராத்திரியோட ராத்திரியா நடக்கல, வரைவு வெளியிட்டாங்க, கருத்து கேட்டாங்க, தேதி குடுத்தாங்க. சிலர் எழுதினாங்க, பெரும்பாலானவங்களுக்கு அப்படி ஒரு தேதி இருந்ததே தெரியாது.

சுவிட்சர்லாந்துல பார்லிமென்ட் போட்ட சட்டம் பிடிக்கலைன்னா 100 நாளுக்குள்ள 50,000 கையெழுத்து வாங்கிட்டா அதை நாடு முழுக்க ஓட்டுக்கு விட்டே ஆகணும். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த உரிமை இல்ல, இருக்கிறது வரைவு மேல கருத்து சொல்ற அந்தச் சில வாரம்தான். அதனால உங்க வட்டத்துல நாலு பேர் இருந்தா அதுல ஒருத்தர் இந்த ஒரே வேலையை எடுத்துக்கோங்க, நீங்க அக்கறைப்படற ஒரே ஒரு துறையோட வெப்சைட்டை வாரம் ஒரு தடவை திறந்து புது வரைவு விதி, திருத்தம், கருத்துக் கேட்பு ஏதாவது போட்டிருக்காங்களான்னு பாருங்க, இருந்தா எந்தப் பிரிவுல எந்த வரி மாறணும்னு பழைய வரியும் புது வரியும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதி அனுப்புங்க, அனுப்பினதோட நகலை உங்க ஊர் எம்.பி.க்கோ எம்.எல்.ஏ.வுக்கோ கவுன்சிலருக்கோ குடுங்க. கடைசி தேதி முடிஞ்சதும், எத்தனை கருத்து வந்துச்சு, அதுல எதை ஏத்துக்கிட்டீங்க, எதை ஏன் தள்ளுனீங்கன்னு ஃபைல்ல எழுதியிருக்கிற குறிப்போட நகல் வேணும்னு இன்னொரு மனு போடுங்க.